வேல்யூ ஃபண்ட் மேனேஜரின் பின்னணியைப் படிப்பது எப்படி?

மியூச்சுவல் ஃபண்டின் மாதாந்திர விவரத்தாளான ஃபேக்ட்ஷீட்டில் மேனேஜர் பெயருக்குக் கீழே இரண்டு மூன்று வரிதான் இருக்கும்: எம்பிஏ, சிஎஃப்ஏ, 20 ஆண்டுக்கு மேல் அனுபவம், இதற்கு முன் இன்ன நிறுவனத்தில் பணி. புதிதாக முதலீடு செய்ய வருபவர்கள் அதைப் பார்த்துவிட்டு, ‘படித்தவர், அனுபவசாலி, போதும்’ என்று ரிட்டர்ன் கட்டத்துக்குத் தாவிவிடுவார்கள். சந்தைக் குறியீட்டை அப்படியே பின்பற்றும் இண்டெக்ஸ் ஃபண்டில் அப்படித் தாவலாம், தப்பில்லை. ஆள் மாறினாலும் அங்கே பங்குப் பட்டியல் மாறாது. வேல்யூ ஃபண்டின் கதை வேறு. சந்தை ஒதுக்கித் தள்ளிய பங்கை வாங்கி, அதன் உண்மை மதிப்பை மற்றவர்கள் ஒப்புக்கொள்ளும்வரை உட்கார்ந்திருப்பதுதான் அங்கே வேலை. அது ஆறு மாதத்திலும் நடக்கும், ஐந்து வருடமும் இழுக்கும். இழுக்கும் காலத்தில் ஃபண்ட் பின்தங்கும், பணம் வெளியே போகும், நிறுவனத்துக்குள்ளேயே முகம் சுளிப்பார்கள்.

அதனால் பின்னணியைப் படிக்கும்போது இரண்டு கேள்விக்குப் பதில் தேடுங்கள். ஒரு தொழில் எவ்வளவு பெறும் என்று கணக்குப் போட இவர் எங்கே கற்றுக்கொண்டார்? வேல்யூ பாணி அடிவாங்கிய வருடங்களில் இவர் எங்கே, யாருடைய பணத்துக்குப் பொறுப்பாக இருந்தார்? இரண்டில் இரண்டாவதுதான் பெரியது. அதைத்தான் யாரும் கேட்பதில்லை.

எதை எடுத்து வைத்துக்கொள்வது

நிறுவனத்தின் இணையதளத்தில் இருக்கும் அறிமுகம் விளம்பரப் பிரிவு எழுதியது. பொய் இருக்காது, ஆனால் வசதியில்லாத வருடங்கள் மங்கலாகிவிடும். ஒழுங்குமுறை ஆணையத்தின் கட்டாயத்தால் வெளியிடப்படும் ஆவணங்களிலிருந்து தொடங்குவது நல்லது.

அமெரிக்க ஃபண்ட் என்றால் ப்ராஸ்பெக்டஸ் எனப்படும் விளக்க ஆவணத்தில் மேனேஜரின் பெயர், பதவி, எத்தனை நாளாக இந்த ஃபண்டைப் பார்க்கிறார், கடந்த 5 ஆண்டுப் பணி விவரம் ஆகியவை இருக்கும். அத்தோடு நிறுத்திவிடாதீர்கள். கூடவே ‘ஸ்டேட்மென்ட் ஆஃப் அடிஷனல் இன்ஃபர்மேஷன்’ என்று தடிமனான ஒன்று உண்டு. சுருக்கமாக எஸ்ஏஐ என்பார்கள். இதே மேனேஜர் வேறு எத்தனை கணக்குகளை நிர்வகிக்கிறார், அவற்றின் மொத்தத் தொகை என்ன, சம்பளமும் போனஸும் எதை வைத்துத் தீர்மானிக்கப்படுகின்றன, தன் சொந்தப் பணத்தை இந்த ஃபண்டில் எவ்வளவு போட்டிருக்கிறார் என்பதெல்லாம் அதில்தான். இரண்டுமே அமெரிக்க ஒழுங்குமுறை ஆணையமான எஸ்இசியின் எட்கார் தளத்தில் இலவசமாகக் கிடைக்கும்.

இந்திய ஃபண்ட் என்றால் எஸ்ஐடி எனப்படும் திட்ட ஆவணத்தைத் திறந்து, ஃபண்ட் மேனேஜர் அட்டவணையைத் தேடுங்கள். வயது, கல்வித் தகுதி, கடந்த 10 ஆண்டு அனுபவம், அவர் பார்க்கும் மற்ற திட்டங்கள் எல்லாம் வரிசையாக இருக்கும். எந்தத் தேதியிலிருந்து இந்தத் திட்டத்தைப் பார்க்கிறார் என்பதற்கு மாதாந்திர ஃபேக்ட்ஷீட் போதும்.

ஒரு எச்சரிக்கை. 5 ஆண்டு, 10 ஆண்டு என்று ஆணையம் கேட்பதால், அதற்கு முந்தைய காலம் பல ஆவணங்களில் ஒரே வரியில் முடிந்துவிடும். அதை நிரப்ப அதே ஃபண்டின் பழைய ஆண்டறிக்கைகளையும் மேனேஜரின் பழைய முதலீட்டாளர் கடிதங்களையும் தேட வேண்டும். இதற்கு ஒரு மாலை நேரம் செலவாகும், செலவிடத் தகுந்ததுதான்.

வருடங்களைப் பிரித்து எழுதுவது

ஒரு தாளில் நான்கு பத்தி போடுங்கள்: எந்த வருடத்திலிருந்து எந்த வருடம் வரை, எந்த நிறுவனம், என்ன வேலை, முடிவெடுக்கும் பொறுப்பு இருந்ததா. நான்காவது பத்திக்காகத்தான் இந்தத் தாளே.

ஒரு மாதிரி அறிமுகத்தைப் பார்ப்போம். “22 ஆண்டு அனுபவம் கொண்டவர். 2006 முதல் 2013 வரை பங்குத் தரகு நிறுவனத்தில் வாகனத் துறை அனலிஸ்ட். 2013ல் எங்கள் நிறுவனத்தில் இணைந்தார். ஜூலை 2021 முதல் இந்த ஃபண்டின் இணை மேனேஜர், 2024 முதல் முதன்மை மேனேஜர்.” 2026ல் எழுதப்பட்டது என்று வைத்துக்கொள்வோம்.

22 ஆண்டு என்றால் 2004ல் தொடங்கியிருக்க வேண்டும். முதல் 2 ஆண்டு என்ன செய்தார் என்று சொல்லவில்லை. அது பெரிய குற்றமில்லை. அடுத்த 7 ஆண்டு தரகு நிறுவனத்தில். அங்கே பரிந்துரை எழுதுவார்கள், பணத்தை நிர்வகிப்பதில்லை. 2013 முதல் 2021 வரை இங்கேயே இருந்திருக்கிறார். பதவி சொல்லப்படவில்லை, அனலிஸ்ட்டாக இருந்திருப்பார் என்று எடுத்துக்கொள்ளலாம். பிறர் பணத்துக்குப் பொறுப்பேற்றது 2021 ஜூலையில். தனக்கென்று கடைசி வார்த்தை கிடைத்தது 2024ல்தான். அட்டையில் 22, நான்காவது பத்தியில் 5, அதிலும் முழுப் பொறுப்பு 2.

இதே தாள் இன்னொன்றையும் காட்டிக்கொடுக்கும். அந்த ஃபண்டின் 10 ஆண்டு ரிட்டர்ன் பளபளப்பாக இருந்தால், அதில் பாதிக் காலம் முந்தைய மேனேஜருடையது. புதியவர்கள் விழும் முதல் குழி இதுதான்: ஃபண்டின் சாதனையை இன்றைய மேனேஜரின் சாதனையாக எடுத்துக்கொள்வது. ரிட்டர்னை அவர் பொறுப்பேற்ற தேதியிலிருந்து மட்டும் கணக்கிடுங்கள். ஒப்பிடும்போது பொதுச் சந்தை இண்டெக்ஸ் ஒன்று, மலிவான பங்குகளை மட்டும் கொண்ட வேல்யூ இண்டெக்ஸ் ஒன்று என இரண்டையும் பக்கத்தில் வையுங்கள். பொதுச் சந்தையை முந்தியவர் வேல்யூ இண்டெக்ஸிடம் தோற்றிருந்தால், காற்று அடித்த திசையில் நகர்ந்திருக்கிறார் என்று அர்த்தம். பங்குத் தேர்வில் தனித் திறமை தெரியவில்லை.

எந்த வேலை எதைக் கற்றுத்தரும்

கணக்கியல், தணிக்கைப் பின்னணியிலிருந்து வருபவர்கள் பேலன்ஸ் ஷீட்டின் பின்குறிப்புகளிலிருந்து படிக்கத் தொடங்குவார்கள். லாபம் காட்டும் நிறுவனத்துக்குக் கையில் பணம் ஏன் வரவில்லை, வர வேண்டிய பாக்கி விற்பனையைவிட வேகமாக ஏன் ஏறுகிறது, செலவாக எழுத வேண்டியதைச் சொத்தாக எழுதிவிட்டார்களா என்று பார்ப்பது அவர்களுக்குப் பழக்கம். மலிவாகத் தெரியும் பங்குகளில் பல, கணக்கைக் கிளறினால் மலிவில்லை என்று தெரியவரும். அந்த வடிகட்டலுக்கு இந்தப் பயிற்சி பொன் போன்றது. இவர்களுடைய குறை, கணக்கேட்டில் காட்டும் சொத்து மதிப்பான புத்தக மதிப்பையே பிடித்துக்கொண்டிருப்பது. மென்பொருள், பிராண்ட், வலையமைப்பு ஆகியவற்றால் சம்பாதிக்கும் நிறுவனத்தின் உண்மைச் சொத்து பேலன்ஸ் ஷீட்டில் ஏறாது. அப்படிப்பட்ட நிறுவனங்களைக் கடைசிவரை தொடாமலே ஒதுங்கிவிடுவார்கள். இன்னொரு குறை வங்கி. கடன் புத்தகத்துக்குள் என்ன இருக்கிறது என்பது வெளியிலிருந்து பார்ப்பவருக்கு முழுதாகத் தெரியாது. ஓக்மார்க் செலக்ட் ஃபண்டின் பில் நைக்ரன் கணக்கியல் படித்தவர், அனலிஸ்ட்டாகவும் ஆராய்ச்சித் தலைவராகவும் இருந்து வந்தவர். 2008ல் வாஷிங்டன் மியூச்சுவல் வங்கி விழுந்தபோது, அதில் முதலீடு செய்திருந்த அவருடைய ஃபண்டும் பலத்த அடி வாங்கியது.

கடன் பக்கத்திலிருந்து வருபவர்கள், அதாவது வங்கியில் கடன் மதிப்பீடு செய்தவர்கள், பாண்ட் (கடன் பத்திர) அனலிஸ்ட்டுகள், திவாலான நிறுவனங்களின் சீரமைப்பில் வேலை செய்தவர்கள், வேல்யூ ஃபண்டுக்கு நன்றாகப் பொருந்துவார்கள். ‘எவ்வளவு ஏறும்’ என்று கேட்கும் முன் ‘எப்போது கடன் தவணை வருகிறது, கட்ட முடியுமா’ என்று கேட்பவர்கள் இவர்கள். மலிவான பங்கு செத்துப்போவது பெரும்பாலும் கடனால்தான். தேர்ட் அவென்யூ வேல்யூ ஃபண்டைத் தொடங்கிய மார்ட்டி விட்மன் திவால் விவகாரங்களில் ஊறியவர். அந்தக் கண்ணோடுதான் பங்குகளையும் பார்த்தார். இவர்களிடம் தேட வேண்டிய குறை: வளர்ச்சிக்குக் காசு கொடுக்க மனம் வராது. நல்ல தொழிலைச் சீக்கிரம் விற்றுவிடுவார்கள்.

தரகு நிறுவன அனலிஸ்ட்டுகள் ஒரு துறையை நுணுகி அறிந்தவர்கள். ஆனால் அந்த வேலையின் தாளம் மூன்று மாதத்துக்கு ஒருமுறை. அடுத்த காலாண்டு லாபம் எவ்வளவு என்பதுதான் அங்கே கேள்வி. அந்தப் பழக்கம் மாற வருடங்கள் ஆகும். எனவே இப்படி வந்தவர் முதலீட்டுப் பக்கத்தில் எத்தனை வருடம் கழித்தார், பழைய துறையைத் தவிர வேறு துறைகளையும் பார்த்தாரா என்று விசாரியுங்கள். ஃபண்ட் வைத்திருக்கும் பங்குகளின் தொகுப்பான போர்ட்ஃபோலியோவில் அந்தத் துறை மட்டும் அளவுக்கு மீறி உப்பியிருந்தால் அதுவே பதில்.

தொழிற்சாலையில், நிறுவன நிதிப் பிரிவில் வேலை செய்துவிட்டு வருபவர்கள் குறைவு. இவர்கள் இயந்திரச் செலவு, சரக்குத் தேக்கம், விலை பேரம் ஆகியவற்றை உள்ளிருந்து பார்த்தவர்கள். நிறுவனத் தலைவர் சொல்லும் கதையில் எது நடக்கும், எது நடக்காது என்று மோப்பம் பிடிப்பார்கள்.

வரிசைக்குள் அடங்காத பின்னணியும் உண்டு, அதைக் கண்டு மிரள வேண்டாம். வால்டர் ஷ்லாஸ் கல்லூரிக்கே போகவில்லை. 1934ல் வால் ஸ்ட்ரீட்டில் காகிதங்களை ஓடிக் கொடுக்கும் பையனாகச் சேர்ந்து, வேல்யூ முதலீட்டு முறையை வகுத்த பெஞ்சமின் கிரஹாமின் மாலை வகுப்புகளில் படித்து, பிறகு கிரஹாமிடமே வேலை பார்த்து, 1955ல் தனியாகக் கூட்டு முதலீடு ஒன்றைத் தொடங்கினார். மியூச்சுவல் ஃபண்ட் இல்லை. ஆனாலும் வேல்யூ முதலீட்டின் பெயர்பெற்ற பதிவுகளில் அதுவும் ஒன்று. வின்ட்சர் ஃபண்டை 1964 முதல் 1995 வரை நடத்திய ஜான் நெஃப், கிளீவ்லேண்டில் ஒரு வங்கியில் அனலிஸ்ட்டாக இருந்துகொண்டே இரவு வகுப்பில் எம்பிஏ முடித்தவர். அந்த 31 ஆண்டில் ஃபண்ட் ஆண்டுக்குச் சராசரி 13.7% தந்தது; பெரிய அமெரிக்க நிறுவனங்களின் இண்டெக்ஸான எஸ்&பி 500 தந்தது 10.6%.

பட்டம், சான்றிதழ்

சீக்கிரம் முடித்துவிடலாம். சிஎஃப்ஏ என்பது முதலீட்டு ஆய்வுத் தொழிலுக்கான மூன்று கட்டத் தேர்வு. அதோடு குறைந்தது 36 மாதத்தில் 4,000 மணி நேரத் தொடர்புடைய பணி அனுபவமும் வேண்டும். ‘சிஎஃப்ஏ சார்ட்டர்’ பெற்றவரும் ‘இரண்டாம் கட்டம் தேறியவர்’ என்று போட்டுக்கொள்பவரும் ஒன்றல்ல. சார்ட்டர் இருந்தால் நிதி அறிக்கை படிக்கத் தெரியும் என்று நம்பலாம், அவ்வளவுதான். அது நுழைவுச் சீட்டு. நல்ல பங்கு எது என்று அது சொல்லித்தராது. பெரிய கல்லூரிப் பெயருக்குக் கொஞ்சம் மதிப்பு இருக்கலாம்: ஜூடித் ஷெவாலியேவும் க்ளென் எலிசனும் 1999ல் வெளியிட்ட ஆய்வில், மாணவர்களின் சராசரி நுழைவுத் தேர்வு மதிப்பெண் உயர்ந்த கல்லூரிகளில் படித்த மேனேஜர்களின் ரிட்டர்ன் மேலாக இருந்தது. ஆனால் அது பல நூறு பேரின் சராசரி. உங்கள் கையிலிருக்கும் ஒரே ஒரு மேனேஜரைப் பற்றி அது எதுவும் சொல்லாது.

கெட்ட வருடங்களில் எங்கே இருந்தார்

இப்போது அந்தத் தாளை மறுபடி எடுங்கள். மூன்று காலகட்டத்தை அதன் மேல் குறியுங்கள். 1998 தொடங்கி 2000 மார்ச் வரை, இணையப் பங்குகள் பறந்தபோது வேல்யூ ஃபண்டுகள் கேலிப்பொருளாயின. 2007 முதல் 2009 தொடக்கம் வரை, மலிவு என்று வாங்கிய வங்கிப் பங்குகள் வாங்கியவர் காலை வாரின. 2017 முதல் 2020 இலையுதிர் காலம் வரை, பெரிய தொழில்நுட்ப நிறுவனங்கள் ஏற ஏற வேல்யூ தேங்கிக் கிடந்தது.

இதில் ஒன்றையாவது முழுப் பொறுப்போடு கடந்தவரா? கடந்தவர் என்றால் அந்த வருடங்களின் போர்ட்ஃபோலியோவைப் பாருங்கள். முதலாவதில் தோற்றுக்கொண்டே பழைய பங்குகளைப் பிடித்திருந்தாரா, அல்லது 1999 கடைசியில் இணையப் பங்குகள் உள்ளே வந்தனவா? ஃபர்ஸ்ட் ஈகிளின் ஜான்-மரி எவெய்யார் தொண்ணூறுகளின் கடைசியில் தொழில்நுட்பப் பங்குகளைத் தொட மறுத்து, முதலீட்டாளர்களில் பெரும்பகுதியை இழந்தார். குமிழி உடைந்த பிறகு அவர் பிடிவாதத்துக்குப் பலன் கிடைத்தது. இப்படிப்பட்ட வரலாறு எந்தப் பட்டத்தைவிடவும் கனமானது.

ஆனால் பிடிவாதமே குழி தோண்டுவதும் உண்டு. லெக் மேசன் வேல்யூ ட்ரஸ்டின் பில் மில்லர் இராணுவ உளவுப் பிரிவில் இருந்தவர், தத்துவத்தில் முனைவர் பட்டப் படிப்பு படித்தவர், ஒரு தொழில் நிறுவனத்தில் நிதிப் பொறுப்பும் பார்த்தவர். 1991 முதல் 2005 வரை தொடர்ந்து 15 ஆண்டு எஸ்&பி 500ஐ முந்தினார். 2008ல் சரியும் நிதிப் பங்குகளை மேலும் மேலும் வாங்கினார். அந்த ஒரே வருடத்தில் ஃபண்ட் சுமார் 55% விழுந்தது. விலை இறங்கினால் இன்னும் வாங்கு என்ற பாடம் சோப்பு நிறுவனத்துக்குச் சரிவரும். விலை இறங்குவதாலேயே மூலதனம் கிடைக்காமல் மூழ்கும் வங்கிக்கு அது பொருந்தாது. ஆகவே கெட்ட வருடத்தைக் கடந்தாரா என்பதோடு, அதற்குப் பிந்தைய கடிதத்தில் எதை மாற்றிக்கொண்டேன் என்று எழுதினாரா என்றும் பாருங்கள். ‘சந்தை எங்களைப் புரிந்துகொள்ளவில்லை’ என்பது மட்டும் இருந்தால் அடுத்த முறையும் அதேதான் நடக்கும்.

இளம் மேனேஜருக்கு இந்த மூன்றில் எதுவுமே இல்லாமல் போகலாம். அதற்காக ஒதுக்க வேண்டியதில்லை. அவருக்கு மேலே, பக்கத்தில் கடந்து வந்தவர் ஒருவர் இருக்கிறாரா என்று பாருங்கள்.

கடைசி வார்த்தை யாருடையது

ஆவணத்தில் நான்கு பெயர் இருந்தால் நால்வரும் சமம் என்று எண்ண வேண்டாம். ஒருவர் முடிவெடுத்து மற்றவர் உதவும் ஏற்பாடு ஒன்று. ஆளுக்கொரு பங்காகப் பணத்தைப் பிரித்து நடத்துவது இன்னொன்று. குழு கூடி ஓட்டெடுப்பது மூன்றாவது; 1930ல் சான் பிரான்சிஸ்கோவில் தொடங்கிய டாட்ஜ் & காக்ஸ் முதலீட்டுக் குழு முறையில்தான் ஃபண்டுகளை நடத்துகிறது. குழு முறையில் ஒருவர் போனால் ஃபண்ட் ஆட்டம் காணாது. ஒற்றை ஆள் முறையில் அவருடைய பின்னணிதான் எல்லாம். அமெரிக்க ப்ராஸ்பெக்டஸில் குழு பெரிதாக இருந்தால் முக்கியமான 5 பேரை மட்டும் போடலாம் என்பதையும் நினைவில் வையுங்கள்.

நட்சத்திர மேனேஜர் ஒருவரையே நம்பி, அவரும் ஒரே பங்கை நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு செக்கோயா ஃபண்ட் இருக்கிறது. ராபர்ட் கோல்ட்ஃபார்ப் 1970களிலிருந்து அங்கே இருந்தவர், அனுபவத்தில் குறை சொல்ல முடியாது. 2015ல் வாலியன்ட் மருந்து நிறுவனப் பங்கு ஃபண்டில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கை எட்டியது. அந்தப் பங்கு சரிந்தது, சுதந்திர இயக்குநர்கள் இருவர் விலகினார்கள், 2016 மார்ச்சில் அவரும் ஓய்வு பெற்றார். எனவே பயோடேட்டா படித்த கையோடு முதல் 10 பங்குகளின் சதவீதத்தையும் பாருங்கள். ஒரே பங்கு 10 சதவீதத்தைத் தாண்டினால், ஏன் என்று மேனேஜர் எழுதியிருக்கிறாரா என்று தேடுங்கள்.

சொந்தப் பணம்

அமெரிக்க எஸ்ஏஐயில் இது அடுக்கு அடுக்காக வரும்: ஒன்றுமில்லை என்பதில் தொடங்கி, 10 லட்சம் டாலருக்கு மேல் என்பது கடைசி அடுக்கு. பல வருடம் ஃபண்டை நடத்தியவர் ‘ஒன்றுமில்லை’ அடுக்கில் இருந்தால் காரணம் வேண்டும். வெளிநாட்டில் வசிப்பதால் வாங்க முடியாது என்பது நியாயமான காரணம். இந்தியாவில் 2021ல் ஒழுங்குமுறை ஆணையமான செபி, முக்கிய ஊழியர்களின் சம்பளத்தில் ஒரு பகுதியைத் தங்கள் திட்டங்களின் யூனிட்டாகவே கொடுக்க வேண்டும் என்று விதித்தது. பிறகு அதைச் சம்பள அடுக்குக்கு ஏற்பத் தளர்த்தியது. கட்டாயத்தால் வரும் முதலீடு மேனேஜரின் நம்பிக்கையைக் காட்டாது. விதி கேட்பதற்கு மேல் எவ்வளவு போட்டிருக்கிறார் என்பதுதான் தகவல்.

போனஸ் பத்தியையும் படியுங்கள். ஒரு வருட ரிட்டர்னை வைத்துப் போனஸ் கொடுக்கும் இடத்தில், ஐந்து வருடம் காத்திருக்கும் முதலீட்டை எதிர்பார்ப்பது வீண்.

பேச்சும் போர்ட்ஃபோலியோவும் ஒத்துப்போகிறதா

பின்னணியில் வேல்யூ வாடை வீசினாலும் பங்குகளில் அது தெரிய வேண்டும். மூன்று எண் போதும். ஃபண்டின் சராசரி பிஇ (விலைக்கும் லாபத்துக்கும் உள்ள விகிதம்), பிபி (விலைக்கும் புத்தக மதிப்புக்கும் உள்ள விகிதம்) இரண்டும் பொது இண்டெக்ஸைவிடக் கீழே இருக்கிறதா? ஒரு வருடத்தில் எத்தனை சதவீதப் பங்குகள் மாறுகின்றன என்று காட்டும் போர்ட்ஃபோலியோ டர்ன்ஓவர் எவ்வளவு? 25% என்றால் சராசரியாக 4 வருடம் வைத்திருக்கிறார். 100% என்றால் சராசரியாக ஒரு வருடம்தான். புதிய மேனேஜர் வந்த முதல் வருடத்தில் டர்ன்ஓவர் எகிறுவது இயல்பு, முந்தையவரின் பங்குகளை விற்றுத் தன்னுடையதை வாங்குவார். இரண்டாம், மூன்றாம் வருடமும் இறங்கவில்லை என்றால் அறிமுகத்தில் எழுதியிருக்கும் பொறுமை காகிதத்தில் மட்டும்தான்.

ஃபண்டின் அளவும் இங்கே சேரும். சிறு நிறுவனப் பங்குகளில் பெயர் எடுத்தவர் கையில் இப்போது இருபது மடங்கு பணம் இருந்தால், அந்தச் சிறு பங்குகளை அவரால் இனி அர்த்தமுள்ள அளவில் வாங்க முடியாது. வின்ட்சர் ஃபண்ட் 1985ல் புதிய முதலீட்டாளர்களுக்குக் கதவை மூடியது. அப்படி மூடும் நிறுவனங்கள் அரிது.

மேனேஜர் மாறினால்

அறிவிப்பு ஒரு பக்கத் துணை ஆவணமாக, சத்தமில்லாமல் வரும். அமெரிக்காவில் ப்ராஸ்பெக்டஸ் சப்ளிமென்ட், இந்தியாவில் அடெண்டம். உடனே விற்று ஓட வேண்டாம். விற்றால் வரியும் சில ஃபண்டுகளில் எக்ஸிட் லோடும் (வெளியேறும் கட்டணம்) உண்டு. புதியவருக்கும் அதே நான்கு பத்தித் தாளைப் போடுங்கள். பழையவரோடு இணை மேனேஜராக மூன்று நான்கு வருடம் இருந்தவர் என்றால் பெரிய மாற்றம் இருக்காது. வெளியிலிருந்து, அதுவும் வளர்ச்சிப் பங்கு ஃபண்டிலிருந்து வந்தவர் என்றால், இரண்டு காலாண்டு பங்குப் பட்டியலைப் பழையதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அதுவரை புதிதாகப் பணம் போடுவதை நிறுத்தி வைத்தால் போதும்.